லிப்ரோடமேஸ்: குடலுக்குள் அளந்து பார்த்தபோது

2011 ஜனவரி 12 அன்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அமைத்திருந்த ஆலோசனைக் குழு ஒரு மருந்தைப் பற்றி ஓட்டெடுத்தது. மருந்தின் பெயர் லிப்ரோடமேஸ். கணையம் வேலை செய்யாதவர்கள் சாப்பாட்டோடு விழுங்குவதற்கான என்சைம் கேப்ஸ்யூல் அது. இந்த வகையில் அதுவரை ஒப்புதல் பெற்றவை எல்லாம் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டவை. இது பாக்டீரியாவிலிருந்தும் பூஞ்சையிலிருந்தும் வந்தது. பிளாசிபோவோடு, அதாவது மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு, ஒப்பிட்ட பெரிய சோதனையில் ஜெயித்தும் இருந்தது. ஆனாலும் 7 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள், 4 பேர் ஆதரித்தார்கள். ஏப்ரலில் எஃப்.டி.ஏ.வும் ஒப்புதல் தர மறுத்து, இன்னொரு சோதனை வேண்டும் என்றது.

பிளாசிபோவை வென்ற மருந்து தோற்றது, அளவுகோலின் முன்னால். கணைய என்சைம் குடலுக்குள் போய் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை எப்படி அளக்கிறோம், அந்த அளவு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியாது.

மருந்தின் பின்னணி

கணையம் சுரக்கும் லைபேஸ்தான் நாம் சாப்பிடும் கொழுப்பை உடைக்கிறது. சுரப்பு பாதியாகக் குறைந்தாலும் உடம்பு சமாளித்துவிடும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டிமேக்னோவும் உடன் இருந்தவர்களும் 1973-இல் காட்டியது இதைத்தான்: லைபேஸ் சுரப்பு இயல்பில் 10 சதவீதத்துக்குக் கீழே போன பிறகே மலத்தில் கொழுப்பு பெருகுகிறது. அதற்குப் பிறகு வருவதை நோயாளிகளே சொல்லிவிடுவார்கள். வெளிறிய, எண்ணெய் மினுமினுக்கும் மலம், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் ஒட்டிக்கொள்வது, நாற்றம், வயிற்று உப்பல், சாப்பிட்டும் ஏறாத எடை. கொழுப்போடு சேர்ந்து ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் வெளியே போய்விடும்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. கெட்டியான சுரப்பு கணையக் குழாய்களை அடைத்துவிடுகிறது. லிப்ரோடமேஸ் சோதிக்கப்பட்டதும் இவர்களிடம்தான். நம் பக்கம் இதே குறைபாடு அதிகம் தெரிவது நாள்பட்ட கணைய அழற்சியில். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இளவயதிலேயே கணையத்தில் கல் விழுந்து சர்க்கரை நோயும் சேர்ந்து வரும் ஒரு வகை, பல பத்தாண்டுகளாக மருத்துவர்களுக்குத் தெரிந்ததுதான்.

பன்றிக் கணைய என்சைமுக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. வயிற்று அமிலத்தில், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் 4-க்குக் கீழே போனால் அதன் லைபேஸ் செத்துவிடும், திரும்ப உயிர்க்காது. அதனால்தான் கேப்ஸ்யூலுக்குள் சின்னச் சின்ன மணிகளாக, ஒவ்வொன்றுக்கும் அமிலம் தாங்கும் பூச்சு பூசித் தருகிறார்கள். பி.எச். 5.5-ஐத் தாண்டினால் பூச்சு கரையும். சிக்கல் என்னவென்றால், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிக்குக் கணையத்திலிருந்து வர வேண்டிய, அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டும் வருவதில்லை. முன்சிறுகுடலே அமிலமாக இருக்கிறது. சாப்பாடு கடந்துபோன பிறகு, எங்கேயோ கீழே போய்ப் பூச்சு திறக்கிறது.

லிப்ரோடமேஸ் இந்த இடத்தைக் குறிவைத்து உருவானது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த ஆல்டஸ் நிறுவனம், பர்க்ஹோல்டேரியா செபேசியா என்ற பாக்டீரியாவின் லைபேஸைப் படிகமாக்கி, படிகத்தின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டியது. பிணைத்த படிகம் அமிலத்துக்கும், புரதத்தை அறுக்கும் மற்ற என்சைம்களுக்கும் எளிதில் கலையாது. ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை வகைகளிலிருந்து, புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸும் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸும் சேர்த்தார்கள். பூச்சு தேவையில்லை, வயிற்றிலேயே சாப்பாட்டோடு கலக்கலாம். வேளைக்குக் கைநிறைய கேப்ஸ்யூல் விழுங்கும் குழந்தைக்கு ஒன்றே போதும். பன்றியிலிருந்து வைரஸ் வந்துவிடுமோ என்ற பயம் இல்லை. மத நம்பிக்கையால் பன்றிப் பொருளைத் தொடாத குடும்பங்களுக்கும், சைவக்காரர்களுக்கும் மனச்சங்கடம் இல்லை. இவ்வளவு நல்ல யோசனைகள் ஒரே மருந்தில் சேர்வது அபூர்வம். எனக்கு இந்த மருந்தின் மேல் இன்னும் மரியாதை உண்டு.

டப்பாவில் எழுதியிருக்கும் யூனிட்

ஒரு லிப்ரோடமேஸ் கேப்ஸ்யூலில் 32,500 யூனிட் லைபேஸ். இந்த யூனிட் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்தால்தான் பின்னால் வருவது புரியும். அமெரிக்க மருந்தியல் தரநூல் முறைப்படி, ஆலிவ் எண்ணெயைக் குழம்பாக்கி, பித்த உப்பு சேர்த்து, 37 டிகிரியில், பி.எச். 9-இல் என்சைமை விட்டுப் பார்க்கிறார்கள். எவ்வளவு வேகத்தில் கொழுப்பு அமிலம் பிரிகிறது என்பதே யூனிட். பி.எச். 9 என்பது எந்த நோயாளியின் முன்சிறுகுடலிலும் இருக்காத சூழல். ஆகவே டப்பாவில் இருக்கும் எண், ஆய்வக மேசையில் இந்த என்சைம் என்ன செய்யும் என்பதற்கான எண். ஒரே வகைப் பன்றி என்சைமில் இரண்டு தயாரிப்புகளை ஒப்பிட அது போதும். பன்றி லைபேஸையும் பாக்டீரியா லைபேஸையும் ஒரே யூனிட்டில் எழுதி இரண்டும் சமம் என்று சொல்ல அது போதாது.

யூனிட்டை மட்டும் நம்பியதால் வந்த சேதத்தை 1990-களிலேயே பார்த்துவிட்டார்கள். வீரியம் கூட்டிய கேப்ஸ்யூல்கள் வந்தபோது, பலன் போதவில்லை என்றால் எண்ணிக்கையைக் கூட்டுவது வழக்கமானது. 1994-இல் இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து ஐந்து குழந்தைகளைப் பற்றிய அறிக்கை வந்தது. பெருங்குடல் தடித்துச் சுருங்கி அடைத்துக்கொண்டிருந்தது. அதிக வீரிய என்சைமோடு தொடர்புள்ள இந்த நிலைதான் ஃபைப்ரோசிங் கொலனோபதி. அதன் பிறகே ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 10,000 லைபேஸ் யூனிட்டைத் தாண்டக்கூடாது என்ற உச்சவரம்பு வந்தது. அந்த வரம்புக்குள் நின்று பலன் காட்டியாக வேண்டும் என்பதால் அளவீடு இன்னும் முக்கியமானது.

அமெரிக்காவில் அதுவரை பன்றி என்சைம் மருந்துகள் பழைய சரக்கு என்ற கணக்கில், முறையான ஒப்புதல் இல்லாமலே விற்றுக்கொண்டிருந்தன. தயாரிப்புக்குத் தயாரிப்பு வீரியம் மாறுவதைப் பார்த்த எஃப்.டி.ஏ., 2004-இல் எல்லோரும் மனுப் போட்டு, பலனை நிரூபித்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்றது. கிரியோன் 2009 ஏப்ரலிலும், ஜென்பெப் அதே ஆண்டு ஆகஸ்டிலும், பான்கிரியேஸ் 2010 ஏப்ரலிலும் ஒப்புதல் பெற்றன. மூன்றும் ஒரே அளவுகோலில் நின்று காட்டியவை. கொழுப்பு உறிஞ்சல் விகிதம், சுருக்கமாக சி.எஃப்.ஏ.

சி.எஃப்.ஏ. எடுக்கும் விதம்

சூத்திரம் எளிது. சாப்பிட்ட கொழுப்பிலிருந்து மலத்தில் வந்த கொழுப்பைக் கழித்து, சாப்பிட்டதால் வகுத்து, நூறால் பெருக்குவது. நாளைக்கு 100 கிராம் கொழுப்பு சாப்பிடும் ஆரோக்கியமான ஆளுக்கு மலத்தில் 7 கிராமுக்கு மேல் வராது, அதாவது சி.எஃப்.ஏ. 93 அல்லது அதற்கு மேல்.

எடுப்பதுதான் கஷ்டம். நோயாளியை வார்டில் வைத்து, கொழுப்பு கணக்கிட்ட சாப்பாடு தருகிறார்கள். தட்டில் மிச்சம் வைத்ததையும் எடை போட வேண்டும். இல்லாவிட்டால் வகுக்கும் எண்ணே தப்பாகிவிடும். ஆரம்பத்தில் ஒரு நீலச் சாயம் விழுங்கக் கொடுப்பார்கள், 72 மணி நேரம் கழித்து மறுபடியும். முதல் நீலம் மலத்தில் தெரிந்ததிலிருந்து இரண்டாவது நீலம் வரும்வரை ஒரு துளி விடாமல் சேர்க்க வேண்டும். சாயம் இல்லாமல் கடிகாரத்தை மட்டும் வைத்துச் சேர்த்தால், ஒருவருக்கு வயிற்றுப்போக்கு, இன்னொருவருக்கு மலச்சிக்கல் என்று இருக்கும்போது, எந்தச் சாப்பாட்டின் மலம் எது என்றே தெரியாது.

சேர்த்ததை எல்லாம் ஒன்றாக எடை போட்டு அரைக்கிறார்கள். இந்த இடத்தில் அசட்டை கூடாது. எண்ணெய் தனியாகப் பிரிந்து மேலே நிற்கும் மலத்தைச் சரியாகக் கலக்காமல் ஒரு கரண்டி எடுத்தால், அந்தக் கரண்டி மூன்று நாளையும் பொய்யாக்கிவிடும். அப்புறம் ஆல்கஹாலில் கரைத்த காரத்தோடு கொதிக்கவைத்துக் கொழுப்பைச் சோப்பாக்கி, அமிலம் சேர்த்துக் கொழுப்பு அமிலங்களை விடுவித்து, பெட்ரோலியம் ஈதரில் பிரித்தெடுத்து, சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டு அளக்கிறார்கள். நெதர்லாந்தின் வான் டி கேமர் 1949-இல் வெளியிட்ட முறை இது. கோதுமைதான் சீலியாக் என்ற குடல் நோயைக் கிளப்புகிறது என்று அதே நாட்டு மருத்துவர் டிக்கே நிரூபிக்கவும் இதே மலக்கொழுப்புக் கணக்குதான் கைகொடுத்தது.

பலனைக் காட்ட, என்சைமே இல்லாத சில நாட்களும் வேண்டும். அந்த நாட்களில் ஒரு பத்து வயதுக் குழந்தை அதிகக் கொழுப்புச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, வயிற்று வலியோடு திரும்பத் திரும்பக் கழிப்பறைக்குப் போய்வருகிறது. சோதனை அறிக்கைகளில் இந்த வேதனை ஒரு வரியாகக்கூட வருவதில்லை. ஒவ்வொரு சி.எஃப்.ஏ. எண்ணுக்குப் பின்னாலும் அது இருக்கிறது.

எண்கள் வந்தபோது

கிரியோன் சோதனையில், 12 வயதுக்கு மேற்பட்டவர்களில், மருந்தோடு சி.எஃப்.ஏ. சராசரி 89, பிளாசிபோவோடு 49. வித்தியாசம் 41 புள்ளி என்று மருந்தின் குறிப்பேட்டிலேயே அச்சாகியிருக்கிறது, தசமத்தைச் சுருக்கியதால் கழித்தால் 40 என்று தெரியும். ஜென்பெப்புக்கு 88-க்கு எதிராக 63. பான்கிரியேஸில் வேறு விதமாகச் செய்தார்கள். எல்லோருக்கும் முதலில் மருந்து கொடுத்து, பிறகு ஒரு பாதிப் பேருக்கு நிறுத்தினார்கள். நிறுத்தியவர்களுக்குச் சி.எஃப்.ஏ. சுமார் 34 புள்ளி சரிந்தது, தொடர்ந்தவர்களுக்கு அசையவே இல்லை எனலாம்.

லிப்ரோடமேஸுக்கு மொத்தத்தில் கிடைத்த வித்தியாசம் ஏறத்தாழ 11 புள்ளி. மிக மோசமான நிலையில், அதாவது மருந்தில்லாதபோது சி.எஃப்.ஏ. 40-க்குக் கீழே இருந்தவர்களுக்குச் சுமார் 15. அந்த நிலையில் இருப்பவர்களுக்கு 30 புள்ளியாவது ஏறினால்தான் உடம்புக்குப் பிரயோஜனம் என்று எஃப்.டி.ஏ. மருத்துவர்கள் கருதினார்கள்.

இதைச் சாப்பாட்டு மொழியில் பார்க்கலாம். நாளைக்கு 100 கிராம் கொழுப்பு சாப்பிடுகிறவருக்கு 11 புள்ளி என்றால் 11 கிராம் கொழுப்பு, கிட்டத்தட்ட 100 கலோரி. 41 புள்ளி என்றால் 370 கலோரி. நுரையீரல் தொற்றோடு போராடிக்கொண்டே வளர வேண்டிய குழந்தைக்கு, தினமும் 270 கலோரி வித்தியாசம் என்பது வளர்ச்சிக்கும் தேக்கத்துக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம். குழுவில் எதிர்த்து ஓட்டுப் போட்டது சரி என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த ஒப்பீட்டில் இரண்டு ஓட்டைகள் இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, நான்கு சோதனைகளும் நேருக்கு நேர் நடந்தவை அல்ல. ஜென்பெப்பின் பிளாசிபோ எண் 63, கிரியோனின் பிளாசிபோ எண் 49. மருந்தோடு இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்குத்தான் வந்தன. கீழேயிருந்து கிளம்பியவருக்கு ஏற்றம் அதிகமாகத் தெரியும், அவ்வளவுதான். வித்தியாசத்தை மட்டும் பார்த்து கிரியோன் ஜென்பெப்பைவிட ஒன்றரை மடங்கு நல்லது என்று சொல்வது தப்பு.

இரண்டாவது ஓட்டை டோஸ். கிரியோன் சோதனையில் ஒரு கிராம் கொழுப்புக்கு 4,000 லைபேஸ் யூனிட் கொடுத்தார்கள், சாப்பாட்டைப் பொறுத்து மருந்து. லிப்ரோடமேஸ் சோதனையில் சாப்பாடு எவ்வளவு இருந்தாலும் வேளைக்கு ஒரு கேப்ஸ்யூல். மூன்று வேளை, இரண்டு நொறுக்குத் தீனி என்றால் ஐந்து கேப்ஸ்யூல், 1,62,500 யூனிட். 100 கிராம் கொழுப்புக்கு வகுத்தால் கிராமுக்கு 1,625. பாதிக்கும் குறைவு. இந்த டோஸை நிறுவனம் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. முந்தைய கட்டச் சோதனையில் வேளைக்கு 5,000, 25,000, 1,00,000 என்று மூன்று அளவுகளை வைத்துப் பார்த்திருந்தார்கள். 5,000 போதவில்லை. 25,000-உம் 1,00,000-உம் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன. அதனால் 25,000-ஐ ஒட்டி நின்றார்கள். ஒரு எளிய மருந்தை எளிதாகவே வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் டோஸை நான்கு மடங்காக்கியும் பலன் ஏறவில்லை என்பதே ஒரு எச்சரிக்கை. என்சைம் போதும் என்பதாலும் அப்படி ஆகலாம். என்சைம் இருந்தும் சரியான இடத்தில், சரியான நேரத்தில் கொழுப்பைத் தொடவில்லை என்பதாலும் ஆகலாம். மூன்று நாள் மலத்தைக் கூட்டிக் கணக்குப் போடும் சி.எஃப்.ஏ.வால் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

மூச்சில் தெரிவது, மலத்தில் தெரியாதது

பிரித்துச் சொல்லக்கூடிய ஒரு பரிசோதனை அப்போதே இருந்தது. பெல்ஜியத்தின் லூவெனில் வான்ட்ராப்பனின் குழு 1989-இல் வெளியிட்ட கார்பன்-13 மூச்சுப் பரிசோதனை. கிளிசரால் முதுகெலும்பில் இரண்டு ஓரத்திலும் ஸ்டியரிக் அமிலம், நடுவில் கார்பன்-13 குறியிட்ட ஆக்டனோயிக் அமிலம் என்று கட்டிய ஒரு கொழுப்பை வெண்ணெய் தடவிய ரொட்டியோடு தருவார்கள். ஓரத்து அமிலங்கள் இரண்டையும் லைபேஸ் வெட்டினால்தான் நடுப்பகுதி குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் எரிந்து, குறியிட்ட கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் வரும். குறித்த இடைவெளியில் ஊதச்சொல்லி, ஆறு மணி நேரம் பார்க்கிறார்கள். கதிரியக்கம் இல்லை, குழந்தைக்கும் செய்யலாம்.

மூச்சில் வளைகோடு ஒன்று கிடைக்கிறது. எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் தெரிகிறது. பூச்சு தாமதமாகக் கரைந்தால் வளைகோடு தாமதமாக எழும். ஒரே ஆளுக்கு மருந்தில்லாமல், மருந்தோடு, டோஸைக் கூட்டி என்று அடுத்தடுத்து செய்யலாம். ஸ்பெயினின் சான்டியாகோ டி கொம்போஸ்டெலாவில் டொமிங்கெஸ்-முன்யோஸ் இந்தப் பரிசோதனையை வைத்தே நாள்பட்ட கணைய அழற்சி நோயாளிகளுக்கு டோஸைச் சரிசெய்து காட்டியிருக்கிறார். குறையும் உண்டு. நுரையீரல், கல்லீரல், வயிறு காலியாகும் வேகம் எல்லாமே வளைகோட்டில் கலந்துவிடும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் மூன்றுமே கெட்டிருக்கலாம். அதனால் ஒப்புதலுக்கு அதை மட்டும் நம்ப முடியாது என்பது நியாயம். டோஸ் தேர்வுக்காவது பக்கத்தில் வைத்திருக்கலாம் என்பது என் கருத்து.

கணையம் சுரக்கும் இன்னொரு என்சைமான எலாஸ்டேஸை மலத்தில் அளக்கும் பரிசோதனையைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் ஊரில் இது அடிக்கடி குழம்புகிறது. மலத்தில் எலாஸ்டேஸ் கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் கணையக் குறைபாடு என்று சந்தேகிக்கிறோம். வழக்கமாகப் பயன்படுத்தும், ஒரே வகை எதிர்ப்பொருளை வைத்துச் செய்யும் மோனோகுளோனல் முறை மனித எலாஸ்டேஸை மட்டும் பிடிக்கும், பன்றியுடையதைப் பிடிக்காது. அதனால் மருந்து சாப்பிட்டுக்கொண்டே பரிசோதனை செய்யலாம் என்பது வசதி. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அதை மறுபடியும் எழுதித் தருவது வீண் செலவு. மருந்து எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அந்த எண் ஏறாது. மலத்தில் கைமோட்ரிப்சின் என்ற வேறொரு கணைய என்சைமைப் பார்த்தால் பன்றியுடையதும் சேர்ந்து தெரியும். ஆகவே நோயாளி மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று அறிய அது உதவும். சாப்பிட்டது பலித்ததா என்று அதுவும் சொல்லாது.

பிறகு நடந்தது

ஓட்டெடுப்புக்கு முந்தைய ஆண்டே எலி லில்லி, இந்த மருந்தை வைத்திருந்த அல்னாரா நிறுவனத்தை வாங்கியிருந்தது. மறுப்புக்குப் பிறகு மருந்து ஆன்தெரா என்ற சிறிய நிறுவனத்துக்குப் போனது. அவர்கள் பழைய குறையை நேராகவே எதிர்கொண்டார்கள். வேளைக்கு ஒன்று என்பதை விட்டு, ஆளுக்கு ஏற்ப டோஸைக் கூட்ட அனுமதித்து, பன்றி என்சைமோடு நேருக்கு நேர் வைத்தார்கள். அதைவிட மட்டமில்லை என்று காட்ட வேண்டும், அளவுகோல் அதே சி.எஃப்.ஏ. 2016 இறுதியில் வந்த முதல் முடிவு மயிரிழையில் தவறியது. டோஸை இன்னும் அடிக்கடி சரிசெய்ய இடம்கொடுத்து இரண்டாவது சோதனை நடத்தினார்கள். 2018-இல் அதுவும் தவறியது. அந்த ஆண்டே நிறுவனம் கடையை மூடியது.

டோஸ்தான் காரணம் என்றால் இந்த இரண்டு சோதனைகளில் விடை கிடைத்திருக்க வேண்டும். பலருக்கு இந்த மருந்து போதுமானதாகவே இருந்தது. சிலருக்கு எவ்வளவு கூட்டினாலும் பன்றி என்சைம் அளவுக்கு எட்டவில்லை, அவர்களே சராசரியைக் கீழே இழுத்தார்கள். பன்றிப் பொருள் வேண்டாம் என்று சொல்லும் குடும்பத்துக்கு இன்றும் அதே அளவு நம்பிக்கையோடு நீட்ட ஒரு மருந்து இல்லை. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

நம் கிளினிக்கில் இந்தக் கணக்கு

மூன்று நாள் மலம் சேர்க்கும் வசதி நம்மிடம் பெரும்பாலான இடங்களில் இல்லை. இருக்கும் இடத்திலும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. நாள்பட்ட கணைய அழற்சி உள்ள ஒருவர் வலிக்குப் பயந்து எண்ணெயைக் குறைத்து, சோறும் ரசமுமாக நாளைக்கு 30 கிராம் கொழுப்புதான் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மலத்தில் 6 கிராம் வருகிறது. 7-க்குக் கீழே, இயல்பு என்று ரிப்போர்ட் வரும். சாப்பிட்டதோடு வகுத்தால் சி.எஃப்.ஏ. 80. மறுபக்கம், கொழுப்பே சாப்பிடாவிட்டாலும் குடல் செல்களிலிருந்தும் பாக்டீரியாவிலிருந்தும் கொஞ்சம் கொழுப்பு மலத்தில் வரத்தான் செய்யும். குறைந்த கொழுப்புச் சாப்பாட்டில் அந்தக் கொஞ்சமே விகிதத்தைக் கெடுத்துக் காட்டும். எடை ஏற்றுவதற்காக, நடுத்தர நீளக் கொழுப்பு அமிலங்கள் கொண்ட எம்.சி.டி. எண்ணெய் கொடுத்திருந்தால், வான் டி கேமரின் மூல முறை அந்தக் குறுகிய கொழுப்பு அமிலங்களைச் சரியாகப் பிடிக்காது.

அதனால் நடைமுறையில் எடை, குழந்தையானால் உயரமும், கொழுப்பில் கரையும் வைட்டமின்களின் அளவு, மலத்தின் தன்மை, இவற்றைச் சேர்த்துத்தான் முடிவெடுக்கிறோம். பலன் போதவில்லை என்றால் கேப்ஸ்யூலைக் கூட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை உண்டு. சாப்பிட்டு முடித்து, கை கழுவிய பிறகு விழுங்குகிறாரா? முதல் கவளத்தோடும் நடுவிலுமாக விழுங்கச் சொல்ல வேண்டும். காசு மிச்சம் பிடிக்க, மாலைக் காபியோடு வடை சாப்பிடும்போது விட்டுவிடுகிறாரா? பெரியவர்களுக்குப் பெரிய வேளைக்கு 40,000 முதல் 50,000 யூனிட், நொறுக்குத் தீனிக்கு அதில் பாதி என்பது வழிகாட்டி நெறி. வேளைக்கு 10,000 யூனிட் கேப்ஸ்யூல் ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டு மருந்து பலிக்கவில்லை என்று சொல்வது சரியல்ல. டோஸ் சரியாக இருந்தும் எண்ணெய் மலம் நிற்கவில்லை என்றால் அமிலம் குறைக்கும் மாத்திரை சேர்த்துப் பார்க்கலாம், பூச்சு மேலேயே கரைய அது உதவும். அதற்கும் மசியாவிட்டால் சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருக்கிறதா, சீலியாக் இருக்கிறதா, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று தேட வேண்டும்.